இணையச் சமநிலையும் கட்டமைப்புச் செலவும் (இந்தியா)

இணையத்தில் ஓடும் எல்லாத் தரவையும் வலையமைப்பு ஒரே விதமாக நடத்த வேண்டும் என்ற கொள்கை இணையச் சமநிலை. இதற்குப் பெயர் கொடுத்துப் பரப்பியவர் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ (2003). இந்தியாவில் இதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது பணத்தகராறு.

அழைப்பிலும் குறுஞ்செய்தியிலும் வந்த வருமானத்தை ஸ்கைப், வாட்ஸ்அப் போன்ற செயலிகள் அரித்துக்கொண்டிருந்தன. அலைக்கற்றையின் விலையோ ஏறியது. 2015 மார்ச் ஏலத்தில் மட்டும் ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி ரூபாய். கோபுரம் எங்களுடையது, லாபம் செயலிக்காரருக்கா என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்டன. 2014 டிசம்பரில் ஏர்டெல் இணைய அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. 2015 ஏப்ரலில் வந்த 'ஏர்டெல் ஜீரோ'வில் டேட்டா செலவைச் செயலி நிறுவனமே கட்டும், வாடிக்கையாளருக்கு இலவசம். அதில் சேர இருந்த ஃபிளிப்கார்ட் கண்டனத்துக்கு அஞ்சி விலகியது.

இதே விவகாரம் குறித்து 2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கைக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. அனுப்பியவர்களின் முகவரிகளோடு அவற்றை அப்படியே பொதுவில் போட்டது டிராயின் தனிச் சாதனை.

பெரிய மோதல் ஃபேஸ்புக்குடன். தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் அதன் சேவை, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் வழியாகத் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் 2015 பிப்ரவரியில் தொடங்கி, பின்னர் 'ஃப்ரீ பேசிக்ஸ்' ஆனது. ஏழைக்கு இதுவாவது கிடைக்கட்டுமே என்ற வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. ஆனால் எந்தத் தளம் ஏழையின் கண்ணில் படலாம் என்பதைச் செலவை ஏற்பவரே தீர்மானிப்பார். 2016 பிப்ரவரி 8 அன்று உள்ளடக்கத்தைப் பொறுத்து வேறுபடும் டேட்டா கட்டணத்தை டிராய் தடைசெய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சவரம்பு 50 லட்சம். சில நாட்களில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டுப் போனது. வேகத்தைக் குறைப்பது, தளத்தை முடக்குவது போன்ற பாகுபாடுகளுக்கும் தடை விதிக்க 2018 ஜூலையில் அரசு ஒப்புதல் அளித்தது. இதில் ஓர் ஓட்டை உண்டு. பயனர்களுக்கு அருகிலேயே சர்வர்களை வைத்து உள்ளடக்கத்தை விரைவாகத் தரும் விநியோக வலையமைப்புகளுக்கு விதிவிலக்கு கிடைத்தது. காசுள்ள நிறுவனம் சட்டத்தை மீறாமலே முந்திக்கொள்ளலாம்.

சந்தை எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு வேறு ஏற்பாடு. 2002 முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதத்தை அனைவருக்குமான சேவை நிதிக்குச் செலுத்துகின்றன. நடைமுறையில் அது சந்தாதாரரின் பணம். ஊராட்சிகளுக்கு ஒளியிழை கொண்டுசெல்லும் பாரத்நெட் இதிலிருந்தே தொடங்கியது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் இந்த நிதியை 'டிஜிட்டல் பாரத் நிதி' ஆக்கியது.

அதே ஆண்டில் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கம், அதிகத் தரவு அனுப்பும் பெருநிறுவனங்கள் வலையமைப்புச் செலவில் பங்கு தர வேண்டும் என்று மறுபடி வலியுறுத்தியது. பயனர் ஏற்கெனவே டேட்டாவுக்குக் கட்டிவிட்டாரே என்பது எதிர்த்தரப்பின் பதில். தென்கொரியா அந்த வழியில் முன்பே போய்ப் பார்த்திருக்கிறது: அங்கே இணையச் சேவை நிறுவனமான எஸ்கே பிராட்பேண்டும் நெட்ஃபிளிக்ஸும் 2020 முதல் நீதிமன்றத்தில் மோதி 2023 செப்டம்பரில் சமரசமாயின. வலையமைப்புக் கட்டணம் தாங்கவில்லை என்று நேரலைக் காணொளித் தளமான ட்விட்ச் 2024 பிப்ரவரியில் கொரியச் சேவையையே மூடியது.