ஒழுக்காற்று விதிகளும் உழைப்பாளி ஆட்டக்காரனும்

யாப்பு என்ற சொல்லுக்கு நம் நாட்டுத் தமிழில் இரு பொருள்கள் வழங்குகின்றன. செய்யுளைக் கட்டும் முறையும் யாப்பு. சங்கங்களைக் கட்டும் விதித்தொகுதியும் யாப்பு. பல்கலைக்கழகத்தில் முன்னதைக் கற்றவன் பின்னதையும் எழுத வல்லவனாயிருப்பான் என்று பூநகரிப் பகுதி இளைஞர் சிலர் நம்பிவிட்டனர். தம் விளையாட்டுக் கழகத்தைப் பதிவு செய்வதற்கு யாப்பொன்று வேண்டுமென என்னிடம் வந்தனர். நானும் மறுக்கவில்லை. நகரத்துக் கழகமொன்றின் யாப்பை இரவல் வாங்கி, பெயரை மாற்றி, சந்திப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். அவ்வளவுதான் என் புலமை செய்த பணி.

அந்த யாப்பிலே ஒழுக்காற்று விதிகள் என்றொரு பகுதி இருந்தது. மத்தியஸ்தரைத் தாக்குதல், மதுபோதையில் மைதானத்துக்கு வருதல், எதிரணியினரை இழிசொல் கூறல் முதலிய குற்றங்களோடு ஒன்றாக, தொடர்ந்து மூன்று முறை பயிற்சிக்கு வராதிருத்தலும் அங்கே குற்றமாக எழுதப்பட்டிருந்தது. தண்டனை, அந்தப் பருவகாலம் முழுவதும் ஆடத் தடை. நான் அதைப் படித்தேன், பிரதி செய்தேன், அதைப்பற்றிச் சிந்திக்கவில்லை.

முதன்முதலில் அவ்விதியிற் சிக்கியவன் என்னிடம் படித்த ஒரு பையன். உதைபந்தாட்ட அணியின் பந்துக்காப்பாளன். இறால் படும் காலத்தில் தகப்பனோடு பரவைக்கடலுக்குப் போகிறவன். பொழுது சாயும் வேளையில் வலையோடு இறங்கினால் விடியற்புறத்திலேதான் கரை. கழகத்தின் பயிற்சியும் பொழுது சாயும் வேளையிலேதான். நிர்வாக சபை அவனை நீக்கியது. விதி எழுதியவன் என்ற முறையில் நானும் அங்கே வீற்றிருந்தேன். அவன் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து, "சேர், கடலுக்குப் போறது ஒழுக்கக்கேடோ?" என்று மட்டுமே கேட்டான்.

இக்கேள்விக்கு விடை சொல்வதானால் அவ்விதியின் வம்சாவளியைத் தேடவேண்டும். தேடிப் போனபோது அது நகரத்துக் கழகத்தோடு நின்றுவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டனுக்கே என்னை இழுத்துச் சென்றது.

1866ஆம் ஆண்டில் இலண்டனில் அமெச்சூர் மெய்வல்லுநர் கழகம் தோன்றியது. பணத்துக்காக அன்றி ஆட்டத்தின்மீதுள்ள பற்றினால் ஆடுபவனே அமெச்சூர் என்பது சொல்லின் நேர்ப்பொருள். காதலன் என்னும் பொருளுடைய இலத்தீன் மூலத்திலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல் அது. கேட்பதற்கு எவ்வளவு இனிமையான விளக்கம்! ஆனால் அந்த வட்டாரத்தார் வகுத்த வரைவிலக்கணம் ஆட்டத்தின்மீதுள்ள பற்றை அளக்கவில்லை. அமெச்சூர் என்பவன் கனவானாயிருத்தல் வேண்டும். பரிசுப் பணத்துக்கு ஆடியவனாயிருத்தல் கூடாது. இவற்றோடு, இயந்திரத் தொழிலாளி, கைவினைஞன், கூலியாள் ஆகியோருள் ஒருவனாகவும் இருத்தலாகாது. ஒரு சதமேனும் வாங்காமல் ஓடினாலும் கொல்லன் கொல்லனே; அவன் அமெச்சூர் ஆகமாட்டான். அவன் செய்த குற்றம் யாது? வாரநாட்களில் உழைத்ததே குற்றம்.

ஓட்டப்போட்டிகளில் இந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. 1880இல் ஒக்ஸ்போர்ட் நகரில் அமைக்கப்பட்ட அமெச்சூர் மெய்வல்லுநர் சங்கம் தொழிலாளரை விலக்கும் வாசகத்தைக் கைவிட்டது. படகோட்டத்தார் அப்படி விட்டுவிடவில்லை. தேம்ஸ் நதியிலே 1839 முதல் நடந்துவரும் ஹென்லிப் படகோட்டப் போட்டியின் பொறுப்பாளர்கள் 1879இல் அந்த வாசகத்தைத் தம் விதியில் பொறித்தனர். 1882இல் உருவான அமெச்சூர் படகோட்டச் சங்கம், கூலிக்கு உடலுழைப்புச் செய்பவன் எவனும் அமெச்சூர் அல்லன் என்ற கொள்கையைத் தொடர்ந்து காத்தது. இதற்கு அவர்கள் சொன்ன நியாயமும் சுவையானது. உடலால் உழைப்பவனுக்குத் தசைவலிமை அதிகமாம். ஆகவே கனவானோடு அவன் போட்டியிடுவது நேர்மையன்றாம்! உழைப்பைப் பற்றி ஆளும் வர்க்கம் தன்னையறியாமற் கூறிய புகழுரைகளுள் இதனை ஒன்றாகக் கொள்ளலாம்.

இதை எதிர்த்தவர் ஒருவரைப்பற்றித் தமிழ் படித்த நாம் அறிந்திருப்பது நன்று. பிரெடரிக் ஜேம்ஸ் பேர்னிவோல் என்பவர் பழைய ஆங்கில நூல்களைச் சுவடிகளிலிருந்து பதிப்பிப்பதற்கெனச் சங்கம் அமைத்தவர். ஒக்ஸ்போர்ட் ஆங்கிலப் பேரகராதியின் தொடக்ககாலப் பதிப்பாசிரியர்களுள் ஒருவர். நம்மவருக்கு விளங்கச் சொன்னால், சாமிநாதையரைப் போலப் பழஞ்சுவடிகளோடு வாழ்ந்தவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளரோடு துடுப்பு வலித்தவர். இலண்டன் தொழிலாளர் கல்லூரியிற் கற்பித்த இவருக்குத் தம் மாணவர் படகோட்டிகளாக ஏற்கப்படாமை பொறுக்கவில்லை. 1890இல் தொழிலாளரை விலக்காத தேசிய அமெச்சூர் படகோட்டச் சங்கம் எழுந்தபோது அதன் முன்னணியில் அவர் நின்றார். 1896இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், இலண்டனின் ஹமர்ஸ்மித்தில் பெண்களுக்கெனவும் ஒரு படகோட்டக் கழகத்தைத் தொடங்கினார். ஏட்டுச் சுவடியைக் காப்பதும் உழைப்பாளியின் ஓய்வுநேரத்தைக் காப்பதும் அவருக்கு வேறுவேறு பணிகளாகத் தோன்றவில்லை. நம் பல்கலைக்கழகங்களிலே பதிப்பாசிரியர் வரிசையில் அவர் பெயர் சொல்லப்படுகிறது; துடுப்பைப்பற்றி யாரும் சொல்வதில்லை.

ஹென்லியின் கதவு 1920இலும் திறக்கவில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜோன் கெலியின் விண்ணப்பத்தை அவ்வாண்டு நிராகரித்தனர். அவருடைய கழகத்தின்மீது ஏற்கெனவே அவர்களுக்கொரு பிணக்கு இருந்தது உண்மை. ஆயினும் அவர் செங்கல் அடுக்கும் கொத்தனாராக வேலை செய்தவர் என்பதும் காரணமாயிற்று. அதே ஆண்டு அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கில் தனியாள் படகோட்டத்தில் பிரித்தானிய வீரரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிக் கெலி பொற்பதக்கம் பெற்றார். 1936இல் நடந்தது இன்னும் விநோதம். பேர்லின் ஒலிம்பிக்குக்குப் புறப்பட்டு வந்த அவுஸ்திரேலியப் படகு அணியினர் பொலிஸ்காரர். பொலிஸ் வேலையும் உடலுழைப்பே என்று கூறி ஹென்லியில் அவர்களையும் விலக்கினர். சட்டத்தைக் காப்பவனே கனவான்களின் சட்டத்தில் தள்ளுபடியானபோது ஊர் சிரித்தது. 1937இல் அந்த வாசகம் நீக்கப்பட்டது. அரைநூற்றாண்டுக்கு மேலாகத் தொழிலாளரின் முறைப்பாடு சாதிக்காததை ஒரு பருவத்துக் கேலி சாதித்தது.

இங்கு ஒன்று கவனிக்கற்பாலது. விதி என்றாலே அது பணக்காரன் விதி என்று முடிவு கட்டுவது தவறு. 1863இல் உதைபந்தாட்டச் சங்கம் தன் முதல் விதிகளை வகுத்தபோது, எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பதை அனுமதிக்கலாமா என்று பெரிய வாதம் நிகழ்ந்தது. உதைப்பதே ஆண்மை என்றனர் ஒருசாரார். மறுநாள் வேலைக்குப் போகவேண்டியவன் காலை முறித்துக்கொள்ள முடியாது என்றனர் மறுசாரார். உதைக்குத் தடை வந்தது. பிளக்ஹீத் கழகத்தார் கோபித்துக்கொண்டு வெளியேறினர். அந்தத் தடையும் ஒழுங்கு விதிதான். ஆனால் அது ஆடுபவன் என்ன செய்கிறான் என்பதைப் பார்த்தது. அவன் யார் மகன், எப்படிச் சோறு உண்கிறான் என்று கேட்கவில்லை. ஒழுங்கு என்ற ஒரே போர்வைக்குள் இந்த இரண்டு வகை விதிகளும் சேர்ந்து படுத்திருப்பதுதான் தொல்லை. என் யாப்பிலும் அவை அப்படியே படுத்திருந்தன.

பந்துக்காப்பாளனின் வழக்குக்கு மிக நெருங்கிய முன்னுதாரணம் வட இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே ரக்பி ஆடியவர்களிற் பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும். சனிக்கிழமை முற்பகலிலும் அவர்களுக்கு வேலை. தூர ஊரில் ஆட்டம் என்றால் அரைநாட் கூலி போய்விடும். அந்த இழந்த கூலியை மட்டுமேனும் கழகம் ஈடுசெய்யலாமா என்று யோர்க்ஷயர் கழகங்கள் கேட்டன. 1893இல் ரக்பிச் சங்கத்தின் பொதுக்கூட்டம் அதனை நிராகரித்தது. கூலியை இழக்க முடியாதவன் ஆடவேண்டிய அவசியமில்லை என்பதே அதன் உட்பொருள். 1895 ஆகஸ்ட் 29ஆம் தேதி ஹடர்ஸ்பீல்ட் நகர விடுதியொன்றிற் கூடிய இருபதுக்கு மேற்பட்ட கழகங்கள் தனிச்சங்கம் அமைத்தன. இன்று ரக்பி லீக் என்று வழங்கும் ஆட்டம் அந்த அரைநாட் கூலியிலிருந்து பிறந்தது.

அதே காலத்தில் கனவான்கள் எப்படி நடந்தனர்? துடுப்பாட்டத்தின் பெரும்புகழ் பெற்ற டபிள்யூ. ஜி. கிரேஸ் ஓர் அமெச்சூர். ஆயினும் பயணச்செலவு, நன்கொடை என்ற பெயர்களில் அவர் பெற்ற பணம் தொழில்முறை ஆட்டக்காரர் எவரும் கனவிலும் காணாதது. கூலி என்றால் இழிவு. செலவு என்றால் கௌரவம். 1806இலே தொடங்கிய கனவான்கள், ஆட்டக்காரர் என்ற இரு அணிகளின் போட்டி 1962 வரை நடந்தது. இரு வகுப்பாருக்கும் உடைமாற்றும் அறைகள் வேறு. ஓட்டப்பட்டியலில் கனவானின் தலைப்பெழுத்துகள் பெயருக்கு முன்னால் வரும்; கூலி வாங்குபவனின் தலைப்பெழுத்துகள் பின்னால் வரும். ஒருமுறை லோர்ட்ஸ் மைதானத்தில், டிட்மஸ் என்ற தொழில்முறை வீரரின் எழுத்துகள் தவறுதலாக முன்னால் அச்சாகிவிட்டன என்று ஒலிபெருக்கியில் அறிவித்துத் திருத்தினார்களாம். எல்லோருடைய தலைப்பெழுத்தும் முன்னாலே நிற்கும் நம் நாட்டில் இந்த நகைச்சுவையை வகுப்பில் விளக்குவது கடினம்.

இந்தக் கனவான் விளையாட்டுக் கப்பலேறி நம்மிடம் வந்தபோது வர்க்கத்தோடு இனமும் சாதியும் சேர்ந்துகொண்டன. கொழும்பிலே 1832இல் வெள்ளையர் கழகம் அமைத்தனர். பின்னர் நம்மவர் அமைத்த கழகங்களின் பெயர்களே கதை சொல்லும்: 1896இல் பறங்கியர் கழகம், 1899இல் சிங்களக் கழகம், அதே ஆண்டில் தமிழ் யூனியன், 1908இல் சோனகர் கழகம். ஆட்டம் ஒன்று, வாசல்கள் பல.

பம்பாய் மாநிலத்தில் பல்வங்கர் பாலு என்பவரின் கதை இதனினும் கொடிது. தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட குலத்திற் பிறந்த அவர், பூனாவில் வெள்ளையர் கழகத்து ஆடுகளத்தைச் சமன்செய்யும் கூலியாளாக இருந்தார். அங்கே பயிற்சிக்குப் பந்து வீசி வீசியே ஒப்பற்ற பந்துவீச்சாளரானார். வெள்ளையரை வெல்லும் ஆசையினால் இந்துக் கழகத்தார் அவரை அணியிற் சேர்த்தனர். ஆனால் தேநீரை மண்கோப்பையில் ஊற்றிக் கட்டடத்துக்கு வெளியே கொடுத்தனர். மைதானத்துக்குள் அவர் பிடித்த பந்தைத் தாமும் தொட்டனர். மைதானத்துக்கு வெளியே அவர் கோப்பையைத் தொடவில்லை. 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து சென்று 114 விக்கெட்டுகள் வீழ்த்திய அவருக்கு இந்து அணியின் தலைமை கிடைக்கவேயில்லை. 1920இல் அவருடைய தம்பியர் விட்டலும் சிவராமும் இந்த அநீதியைக் கண்டித்து அணியிலிருந்து விலகினர். ஒழுங்கு விதியின்படி பார்த்தால் அது அணித் துரோகம். அந்தத் துரோகத்தின் பயனாகத்தான் 1923இல் விட்டல் தலைவரானார். அவ்வாண்டு இந்து அணியும் வென்றது.

அமெரிக்காவின் ஆதிக்குடியைச் சேர்ந்த ஜிம் தோர்ப் 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் பெற்ற இரு பொற்பதக்கங்களும் மறு ஆண்டிற் பறிக்கப்பட்டன. 1909, 1910ஆம் ஆண்டுகளின் கோடையில் சிற்றூர் அணிகளில் சொற்பக் கூலிக்குப் பேஸ்போல் ஆடினார் என்பதே குற்றச்சாட்டு. கல்லூரி மாணவர் பலர் கள்ளப் பெயரில் அவ்வாறு ஆடினர். அவர் சொந்தப் பெயரில் ஆடினார். போட்டி முடிந்து முப்பது நாட்களுள் முறைப்பாடு செய்யவேண்டும் என்ற விதியை நீதிபதிகளே மறந்துவிட்டனர். 1953இல் அவர் இறந்தார். 1982இல் தீர்ப்பு மாற்றப்பட்டுப் பிள்ளைகளிடம் பதக்கங்கள் சேர்ந்தன. ஆனால் அவரே ஒரே வெற்றியாளர் என்ற அறிவிப்பு வர 2022 ஆயிற்று. கூலிக்காரனுக்கு விதி விரைந்து வரும். நீதி நடந்தே வரும்.

நிற்க. பூநகரிக்கு மீளுவோம். 2009க்குப் பின்னர் இடம்பெயர்வு முகாம்களிலிருந்து திரும்பி, பற்றை வெட்டி, மைதானம் திருத்திய இளைஞர்கள் அமைத்த கழகங்கள் எங்கள் பக்கத்தில் உள்ளன. இவற்றின் ஆட்டக்காரர் யாவர்? மழையை நம்பி மொட்டைக்கறுப்பன் விதைப்பவரும், பரவைக்கடலில் வலை போடுபவரும், பரந்தன் வீதியாற் கூலி வேலைக்குப் போய் வருபவருமே. இவர்களுக்கு மாலை நேரம் என்பது ஓய்வு நேரம் என்று யார் சொன்னது? எனக்கு அது ஓய்வு நேரம். மணி இரண்டுக்குள் பள்ளி விடுகிறது. மாதம் முடிந்தால் சம்பளம் வருகிறது. என் பொழுதை வைத்து அவர்கள் பொழுதை அளந்தேன். ஹென்லிக் கனவான்கள் செய்ததும் ஏறக்குறைய இதுவே என்று கண்டபோது எனக்கு வெட்கமாயிருந்தது.

கழகத்தின் பொதுக்கூட்டத்தில் திருத்தம் முன்வைத்தேன். எதிர்ப்பு வந்தது, வந்ததில் நியாயமும் இருந்தது. தொழிலைச் சாட்டி எல்லோரும் நின்றுவிட்டால் பதினொருவருக்கு எங்கே போவது என்று முன்னாள் வீரர் ஒருவர் கேட்டார். வராதவனுக்காக வந்தவன் உட்கார வேண்டுமா என்றான் மாற்றுப் பந்துக்காப்பாளன். நெடுநேர வாதத்துக்குப் பின், பிழைப்பின் காரணமாக வரமுடியாதவன் அதை முன்னரே அணித்தலைவனுக்கு அறிவித்தாற் குற்றமில்லை என்றும், இறால் காலத்தில் வாரத்தில் ஒரு பயிற்சியேனும் ஞாயிறு முற்பகலில் வைப்பதென்றும், விசாரணையின்றி எவரையும் நீக்குவதில்லை என்றும் முடிவாயிற்று. மத்தியஸ்தரைத் தாக்குவோருக்கான தண்டனை குறைக்கப்படவில்லை; அதை ஆண்டுக்கணக்கிற் கூட்டும்படி கேட்டவன் நீக்கப்பட்ட அந்தப் பையனேதான். அவனுடைய பருவகாலம் அதற்குள் முடிந்துவிட்டது.

திருத்திய யாப்பை வகுப்பில் மாணவர்க்கு வாசித்துக் காட்டினேன். உறுப்புரிமை பற்றிய இரண்டாம் பிரிவில் ஊரின் இளைஞர்கள் என்று எழுதப்பட்டிருந்ததைச் சுட்டி, இது எங்களையும் சேர்க்குமா என்று பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி கேட்டாள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், ஏனைய விடயங்கள் என்ற தலைப்பின் கீழ், அந்தக் கேள்வியைச் சேர்க்கும்படி செயலாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.