கிளாட் தேர்வு: லாஜிக்கல் ரீசனிங் கேள்விகளை உடைப்பது எப்படி? அரக்கோணம் லோக்கல் ரயிலிலேயே பழகலாம்!

ப்ளஸ் டூ முடித்ததும் சட்டம் படிக்க வேண்டும் என்று ஆசை. தேசிய சட்டப் பல்கலைக்கழகம் என்றால் இன்னும் சந்தோஷம். ஆனால், 'கிளாட்' மாதிரி வினாத்தாளைத் திறந்ததும் ஆங்கிலத்தில் நீள நீளமான பத்திகள். 'இதெல்லாம் பெரிய கோச்சிங் சென்டர்ல படிச்சவங்களுக்குத்தான்' என்று மூடி வைத்துவிடுகிறீர்களா? ஒரு நிமிஷம் பொறுங்க. அதில் லாஜிக்கல் ரீசனிங் பகுதிக்கு மனப்பாடம் தேவையில்லை, சூத்திரம் தேவையில்லை. தெருமுனையில் நண்பனோடு வாதாடும் திறமையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினால் போதும்.

முதலில் தேர்வைத் தெரிஞ்சுக்கோங்க

கிளாட் 2008-ல் தொடங்கியது. இளநிலைத் தேர்வில் இப்போது 120 கேள்விகள், 120 நிமிடங்கள். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறுக்கு 0.25 கழியும். ஐந்து பகுதிகளில் ஒன்றான லாஜிக்கல் ரீசனிங்கில் மட்டும் 22 முதல் 26 கேள்விகள். அதாவது, மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு பத்தியும் சுமார் 450 சொற்கள் வரை இருக்கும். அதன் கீழே அதை ஒட்டிய கேள்விகள். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் இந்தத் தேர்வுதான் வாசல்.

நம்ம ஊர் விஷயத்திலேயே பார்ப்போம்

பாலாற்றில் கலந்த தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராக 'வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம்' தொடர்ந்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 'மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்ற தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள்.

கிளாட்டில் இதே விஷயம் இரண்டு விதமாக வரலாம். லீகல் ரீசனிங்கில் வந்தால், கொள்கையைக் கொடுத்து, ஒரு சம்பவத்தில் அதைப் பொருத்தச் சொல்வார்கள். லாஜிக்கல் ரீசனிங்கில் வந்தால், சட்டம் தேவையே இல்லை. 'இந்த வாதம் நிற்குமா, விழுமா?' என்பது மட்டும்தான் கேள்வி.

இதோ ஒரு கற்பனைப் பத்தி:

'ஓர் ஊரில் தோல் தொழிற்சாலைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். மூன்று ஆண்டுகளில் அந்த ஊர்க் கிணறுகளில் உப்பு குறைந்தது. எனவே, உப்பு குறைந்ததற்கு நிலையம்தான் காரணம். மற்ற ஊர்களிலும் இதைக் கட்டினால் கிணற்று நீர் மீளும்.'

1. முடிவு எது?

'எனவே' இருக்கும் வரியைத்தான் பலர் டிக் செய்வார்கள். அங்கேதான் கண்ணி. ஒவ்வொரு வரியிடமும் 'ஏன்?' என்று கேளுங்கள். 'மற்ற ஊர்களிலும் நீர் மீளும்.' ஏன்? 'ஏன்னா, இந்த ஊரில் நிலையம்தான் காரணம்.' பதில் வந்துவிட்டது. ஆக, கடைசி வரிதான் முக்கிய முடிவு. 'எனவே' வரி அதைத் தாங்கும் நடுப்படி.

2. சொல்லாமல் நம்புவது எது?

இதுதான் 'அசம்ப்ஷன்' கேள்வி. விடையாகத் தோன்றுவதை எதிர்மறையாக்கிப் பாருங்கள். வாதம் சரிந்தால் அதுதான் விடை.

'உப்பைக் குறைக்கும் வேறு மாற்றம் எதுவும் நடக்கவில்லை' என்பதைத் திருப்பிப் போடுங்கள்: 'உப்பைக் குறைக்கும் வேறு மாற்றம் நடந்தது.' உடனே வாதம் ஆடிப்போகிறது. இதுதான் விடை. 'உப்புக்குத் தொழிற்சாலைகள் மட்டுமே காரணம்' என்பதையும் திருப்புங்கள்: வேறு காரணங்களும் உண்டு. இருக்கட்டுமே! அப்போதும் நிலையத்தால் உப்பு குறைந்திருக்கலாம். வாதம் சாயவில்லை, விடையும் இல்லை.

3. எது வாதத்தைப் பலவீனமாக்கும்?

அ) நிலையம் கட்ட அதிகம் செலவாகும்.
ஆ) நிலையமே இல்லாத பக்கத்து ஊர்க் கிணறுகளிலும் அதே அளவு உப்பு குறைந்தது.
இ) சில தொழிற்சாலைகள் நிலையத்தோடு இணையவில்லை.
ஈ) தோல் தொழில் பலருக்கு வேலை தருகிறது.

அ, ஈ இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் 'நீர் மீளுமா?' என்ற பேச்சுக்கு வெளியே நிற்கின்றன. இ பார்க்க அழகாக இருக்கும். ஆனால், சிலர் இணையாமலே உப்பு குறைந்தது என்றால், நிலையம் காரணமில்லை என்று அர்த்தமாகிவிடாது. ஆ மட்டும்தான் வேரில் கை வைக்கிறது. நல்ல மழையோ வேறெதுவோ காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தைக் கிளப்புகிறது. விடை: ஆ.

4. 'தான்' செய்யும் மாயம்

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இங்கே ஒரு ப்ளஸ் இருக்கு. ஆங்கிலத்தில் 'இஃப்', 'ஒன்லி இஃப்' இரண்டும் குழப்பும். தமிழில் சொல்லிப் பாருங்கள்.

'ஃபாஸ்ட் லோக்கலைப் பிடித்தாலே போதும், நேரத்துக்குப் போய்விடலாம்.' இது 'இஃப்'.
'டிக்கெட் இருந்தால்தான் ரயிலில் பயணம் செய்யலாம்.' இது 'ஒன்லி இஃப்'.

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் சென்ட்ரலுக்கு நேரத்துக்கு வந்துவிட்டார். அப்போ ஃபாஸ்ட் லோக்கலில்தான் வந்தாரா? சொல்ல முடியாது. ஸ்லோ லோக்கலில் முன்னாடியே கிளம்பியிருக்கலாம். நேரத்துக்கு வரவில்லை என்றால்? ஃபாஸ்ட் லோக்கலைப் பிடிக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். இந்த ஒரு திருப்பம் புரிந்தால், நிறைய கேள்விகள் தானாக விழும். 'அன்லெஸ்' வந்தால் 'இல்லாவிட்டால்' என்று மாற்றிப் படியுங்கள்.

தெரியாத கேள்விக்கு என்ன செய்வது?

நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால், சராசரியாக 0.06 மதிப்பெண்தான் லாபம். அதாவது, ஒன்றுமே இல்லை மாதிரி. ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் 0.17 ஆகும். இரண்டை நீக்கினால் 0.375. இரண்டை நீக்கிவிட்டால் தைரியமாக அடியுங்கள். எதையுமே நீக்க முடியவில்லையா, அதிலேயே உட்கார்ந்திருக்காமல் அடுத்த பத்திக்கு நகருங்கள்.

இந்தப் பகுதிக்கு மொத்தமாக 25 முதல் 30 நிமிடங்களுக்கு மேல் கொடுக்காதீர்கள். பத்தியைப் படிக்கும் முன் கேள்விகளை ஒருமுறை மேலோட்டமாகப் பாருங்கள். 'முடிவா, அசம்ப்ஷனா, பலவீனமா?' என்று தெரிந்தால், எதைத் தேடிப் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

தினமும் ஒரு ரயில் பயணம், ஒரு தலையங்கம்

அரக்கோணத்திலிருந்து சென்ட்ரல் ஏறக்குறைய 70 கி.மீ. ரயிலில் போகிறவராக இருந்தால், அந்த நேரம் உங்கள் வகுப்பறை. ரயில் இல்லையா, வீட்டில் அரை மணி நேரம் போதும். போனில் ஓர் ஆங்கிலத் தலையங்கத்தைத் திறங்கள். முடிவு என்ன, காரணங்கள் என்ன, சொல்லாமல் நம்புவது என்ன என்று மூன்றே வரிகளில் தமிழில் எழுதுங்கள். 'ஹவெவர்', 'தேர்ஃபோர்', 'யெட்' வரும் இடங்களில் வேகத்தைக் குறையுங்கள். வாதம் திரும்பும் வளைவுகள் அவை. கிளாட்டை நடத்தும் கூட்டமைப்பின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வாரம் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். தவறான விடைகள் ஏன் தவறு என்று எழுதிவைப்பது, சரியான விடையைத் தெரிந்துகொள்வதைவிட முக்கியம்.

இன்னொன்று. கிளாட் கைகூடவில்லை என்றால் சட்டக் கனவே முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சென்னையில் உள்ள தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புகளுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடக்கிறது. அங்கே போனாலும், நாளைக்கு நீதிமன்றத்தில் நின்றாலும், எதிர்த் தரப்பின் 'எனவே'யைப் பார்த்து 'ஏன்?' என்று கேட்கும் பழக்கம் உங்களுக்குக் கைகொடுக்கும். இன்னைக்கே ஒரு தலையங்கத்தில் ஆரம்பிங்க!