சுவரொட்டியில் இல்லாத கடை

கான்சாபுரத்துப் பேருந்து நிறுத்தத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில், அண்ணாச்சியின் பெயருக்குக் கீழே ‘விவசாயி’ என்று அச்சிடப்பட்டிருந்தது. அது பொய்யன்று. அவருக்குச் சிறு தென்னந்தோப்பு ஒன்று இருந்தது. ஆயினும் சுவரொட்டியைப் படித்தபடி நின்ற முதியவர்களில் ஒருவருக்கும் அந்தத் தோப்பு நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் பேசிக்கொண்டிருந்தது கடையைப் பற்றி. 1981இல் தொடங்கி 1986இன் கடைசி நாளோடு மூடப்பட்ட ஒரு கள்ளுக்கடை. மூடி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியும் அவர் அந்த ஊருக்குக் கள்ளுக்கடை அண்ணாச்சிதான்.

கடையைப் பற்றி எழுதலாமா என்று அவருடைய மக்களைக் கேட்டோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். அந்தச் சொல்லை மதித்தே இதை எழுதுகிறோம். எங்களில் இருவர் அக்கடையின் திண்ணையில் உட்கார்ந்தவர்கள். மற்றவர்கள் அது மூடிய பிறகு பிறந்தவர்கள்.

கள் ஊற்றியவனின் இறப்புக்கு அழுவது தமிழில் புதிதன்று. புறநானூற்றின் பெயர்பெற்ற கையறுநிலைகளில் ஒன்று அதுதான். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் முதலில் நினைத்துப் பார்ப்பது அவனுடைய வேலையோ வெற்றியையோ அன்று. குறைவாகக் கள் கிடைத்த நாளில் அதைத் தமக்கே கொடுத்துவிடுவான் என்பதையும், நிறையக் கிடைத்த நாளில் தாம் பாட அவன் மகிழ்ந்திருந்ததையும்தான் சொல்லி அழுகிறார். புலால் நாறும் தம் தலையை மணக்கும் கையால் அவன் தடவியதும் அப்பாட்டில் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றியபின், பள்ளிக்கூடம்வரை வந்து சேர்ந்துவிட்ட பாட்டு அது. மதுவிலக்கு நடப்பில் இருந்த காலத்திலும் அதைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட எவரும் துணியவில்லை என்பதை எண்ணிச் சிரித்திருக்கிறோம்.

ஆனால் அதியமான் கள்ளை விற்றவனல்லன், கொடுத்தவன். விற்றவர்களைச் சங்கப் பாட்டு எப்படிப் பார்க்கிறது? மதுரைக்காஞ்சி கள்ளுக்கடையின் கொடியைக் காட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படை கள் சமைக்கும் மகளிரைக் காட்டுகிறது. கையறுநிலை மட்டும் அவருள் எவர்க்கும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு ஊற்றியவர்க்கு யார் அழுவது என்று பாணர்களும் எண்ணியிருக்கலாம்.

அண்ணாச்சிக்கு அழுதவர்களைப் புரிந்துகொள்ளக் கள்ளின் இயல்பைச் சற்றுச் சொல்லியாக வேண்டும். பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் வடிவது பதநீர். தடவாவிட்டால் காற்றிலிருந்தும் கலயத்திலிருந்தும் சேரும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைப் புளிக்கவைத்துவிடுகின்றன. காலையில் இறக்கியது நண்பகலில் காரமேறும், மாலையில் புளிக்கும், விட்டுவைத்தால் காடியாகும். ஆகவே கள் நெடுந்தொலைவு போகாது. மரத்திலிருந்து நடக்கும் தூரத்தில் அன்றன்றைக்கே விற்றாக வேண்டும். இன்றுபோல எங்கோ ஓர் ஆலையில் அடைத்த புட்டியை லாரியில் ஏற்றி ஆறு மாதம் அடுக்கி வைத்து விற்க முடியாது. ஏறுகிறவர், விற்கிறவர், குடிக்கிறவர் மூவரும் ஒரே ஊராக இருந்ததற்குக் காரணம் மனிதப் பண்பன்று. அந்தப் பானத்தின் ஆயுள்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் வத்திராயிருப்பு, கூமாபட்டி, கான்சாபுரம் எனத் தென்னையும் நெல்லுமாகக் கிடக்கும் அந்தப் பகுதியில், மலையிலிருந்து தண்ணீர் வந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் கூலி. நடவு முடிந்து கரையேறிய ஆட்கள் சேற்றுக் காலோடு வந்து உட்காரும் இடமாக அண்ணாச்சியின் கடை இருந்தது. கீற்றுக் கொட்டகை, மண் திண்ணை, வேகவைத்த மொச்சை, ஒரு பழைய வானொலிப் பெட்டி. அவர் அதிகம் பேசமாட்டார். யாருக்கு எவ்வளவு தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். மூன்றாவது கேட்கிறவரிடம், “போதும் தம்பி, பிள்ளை வாசல்ல நிக்கும்” என்பார். கேட்காதவருக்குக் கலயத்தைக் கவிழ்த்துக் காட்டுவார். உள்ளே இன்னொரு கலயம் நிறைந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும் எழுந்து போவார்கள். எழுதத் தெரியாதவர்களின் கடிதங்களும் மனுக்களும் அந்தத் திண்ணையில்தான் எழுதப்பட்டன. எங்களில் ஒருவர் எழுத்தாளரானதே அங்கே மனு எழுதிப் பழகித்தான் என்று சொல்லிக்கொள்வார். அதை நாங்கள் முழுதும் நம்புவதில்லை.

அவருடைய கடை திறந்ததும் மூடியதும் அவர் கையில் இல்லை. 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டம் முதற்கொண்டு, தமிழ்நாட்டுக் கள் அரசின் வருவாய்க் கணக்குக்கு உட்பட்டே வடிந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். 1921இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் இறங்கினார்கள். பெரியார் தம் தோப்புத் தென்னைகளை நூற்றுக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார். 1937 அக்டோபரில் ராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் கொண்டுவந்த விற்பனை வரியை நாம் வேறு உருவில் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். 1948இல் மாகாணம் முழுதும் விலக்கு. 1971இல் கருணாநிதி தளர்த்தினார். 1974இல் அவரே மீண்டும் மூடினார். 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1987 ஜனவரி முதல் நாளிலிருந்து கள்ளையும் சாராயத்தையும் அவரே மூடினார். கள்ளுக்கு அந்தத் தடை இன்றும் நீங்கவில்லை. மூடாமல் இருந்தது சீமைச் சரக்கு. 1983இல் மொத்த வணிகத்துக்கெனத் தொடங்கிய டாஸ்மாக் 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது.

அரசுக் கடையில் நிற்கும் விற்பனையாளரைக் குறைகூற எமக்கு எண்ணமில்லை. கம்பி வலைக்குப் பின்னால் நின்று, வரிசையில் நீளும் கைகளுக்கெல்லாம் புட்டி எடுத்துத் தரும் வேலை கடினமானது. ஆனால் அவர் ‘போதும் தம்பி’ என்று சொல்ல முடியாது. சொன்னால் அது பணியில் குறை. பக்கத்துக் கொட்டகையில் பார் நடத்துகிறவரோ ஒப்பந்தம் எடுத்தவர். ஒப்பந்தம் கைமாறினால் முகமும் மாறும்.

இப்படி எழுதும்போது அண்ணாச்சியைப் புனிதராக்கிவிடுகிறோமோ என்ற ஐயமும் எழாமலில்லை. அண்டை வீட்டுக்காரர் என்பதாலேயே விற்கிறவர் நல்லவராகிவிட மாட்டார். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே விற்றவரும் அயலூராரல்லர்.

அண்ணாச்சியிடமும் ஒரு கடன் நோட்டு இருந்தது. அறுவடைக்கு அறுவடை தீர்க்க வேண்டிய கணக்கு. அதில் பெயரேறிய வீடுகளில் வெள்ளாடு குறைந்ததும், காதில் கிடந்தது அடகுக்குப் போனதும் உண்டு. துக்க வீட்டில் ஆண்கள் திரளாக உட்கார்ந்திருக்க, அந்தத் தெருவின் வயது முதிர்ந்த பெண்களில் பலர் வரவேயில்லை. அவர்களில் ஒருவரை அவர் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்தோம். கணவரை இளவயதில் இழந்தவர். கடை மூடிய அன்று நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டதாக அண்ணாச்சியைப் பற்றி ஊரில் சொல்வது உண்மையா என்று கேட்டோம். வெற்றிலையை மடித்தபடியே, “போட்டாரு. அடகு போனது அடுப்புல இருந்து வருமா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “மனுசன் நல்ல மனுசன்தான்யா. கடைதான் நல்லதில்ல” என்றார்.

அவர் சொன்னதுக்கு மேல் எங்களால் ஒன்றும் சேர்க்க முடியவில்லை. அவர் பக்கமிருந்து பார்த்தால் சுவரொட்டியில் கடை இல்லாதது சரிதான் என்றும் பட்டது.

இதே ஊரின் பெயர் வேறு விதமாக நினைக்கிறது. கான்சாகிபு என்னும் யூசுப்கானை, மருதநாயகத்தை, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிட்டவர்கள் அவர் பெயரைத் துரோகியின் பெயராக எழுதி வைத்தார்கள். ஊர்கள் அந்தத் தீர்ப்பைக் கேட்டுக்கொள்ளவில்லை. மதுரையில் கான்சாமேட்டுத் தெரு இருக்கிறது. இங்கே கான்சாபுரம் இருக்கிறது. அவர் பூலித்தேவனை எதிர்த்துக் கும்பெனிக்காகப் போரிட்டவர், பிறகு கும்பெனியையே எதிர்த்தவர் என்ற வழக்குகளையெல்லாம் ஊர்ப்பெயர் தீர்க்கப் போவதில்லை. ஈரோட்டிலும் கள்ளுக்கடைமேடு என்றே ஒரு பகுதி உண்டு. கடையும் கடைக்காரரும் போனபின் மேட்டுக்கு அந்தப் பெயர் தங்கிவிட்டது. அண்ணாச்சியின் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது சிமெண்டுச் சாலை போகிறது. அங்கே பேருந்தை நிறுத்தச் சொல்கிறவர்கள், வயதானவர்கள் மட்டும், “கடைப்பக்கம் இறக்கி விடுங்க” என்கிறார்கள்.

பதினாறாம் நாள் போயிருந்தோம். அதியமானின் நடுகல்லுக்கு நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் படைத்ததை ஔவையார் இன்னொரு பாட்டில் பாடியிருக்கிறார். அண்ணாச்சியின் படத்துக்கு முன்னாலும் வாழையிலையில் அவருக்குப் பிடித்தவற்றைப் பரப்பியிருந்தார்கள். மொச்சை இருந்தது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் கொஞ்சம் தென்னங்கள் கிடைக்குமா என்று இரண்டு நாள் அலைந்திருக்கிறார். தோப்பு முழுக்கப் பாளை இருந்தும் ஏறிச் சீவ ஆள் இல்லை, ஏறினாலும் வழக்காகும். கடைசியில் வேட்டி மடிப்பிலிருந்து அரசுக் கடைப் புட்டி ஒன்றை எடுத்தார். மூத்த மகன் அதை வாங்கி, சீட்டுச் சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தார்.