இரண்டு எழுத்தில் நின்ற கணினிகள்



இயங்குதளத்தை நிறுவும் பணி பாதியில் முறிந்தால் நாம் முதலில் ஐயுறுவது குறுந்தட்டை, அடுத்து வன்தட்டை. ஆனால், 1990களின் இறுதியில் லினக்ஸ் நிறுவிய பலர் கண்ட தோல்விக்கு இவ்விரண்டும் காரணமல்ல. 1980களில் போடப்பட்ட ஒரு கணக்கே காரணம்.

1983இல் ஐ.பி.எம். வெளியிட்ட பிசி எக்ஸ்டி கணினியின் வன்தட்டு 10 மெகாபைட் கொள்ளளவு உடையது. தட்டில் ஓரிடத்தைச் சுட்ட மூன்று எண்கள் தேவை: சிலிண்டர், தலை, செக்டர். பயோஸ் இவற்றுக்கு முறையே 10, 8, 6 பிட்டுகளை ஒதுக்கியது. ஆகவே 1024 சிலிண்டர்கள், 256 தலைகள், 63 செக்டர்கள். (செக்டரை ஒன்றிலிருந்து எண்ணுவதால் 64 அன்று.) ஒரு செக்டருக்கு 512 பைட் எனப் பெருக்கினால் 8,455,716,864 பைட், அதாவது ஏறத்தாழ 8.4 கிகாபைட். 10 மெகாபைட்டே பெரிதாயிருந்த காலத்தில் அது எண்ணூறு மடங்கு. அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

இடர் வேறு திசையிலிருந்து வந்தது. பின்னர் வந்த ஐடிஇ வன்தட்டுகளின் முகவரி முறையில் தலைக்கு 4 பிட்டுகளே; 16 தலைகளுக்கு மேல் இல்லை. இரு முறைகளிலும் சிறியதையே கொள்ள நேர்ந்ததால் எல்லை 528 மெகாபைட்டாகச் சுருங்கியது. இதைத் தாண்ட, பயோஸ் தயாரித்தோர் எண்களை மாற்றிச் சொல்லும் தந்திரத்தைக் கையாண்டனர்: சிலிண்டரைக் குறைத்துத் தலையைக் கூட்டுவது. எல்லாரும் ஒரே விதமாக மாற்றவில்லை என்பதுதான் வினை. ஒரு கணினியில் எழுதிய முகவரி மற்றொன்றில் வேறிடத்தைக் காட்டும்.

இங்கேதான் லிலோ வருகிறது. வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய இந்தத் தொடக்கி, லினக்சின் கருநிரலை நினைவகத்தில் ஏற்றுவது. தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஒவ்வொரு படியிலும் ஒன்றாகத் திரையில் இடும். எதுவும் தோன்றாவிடில் லிலோ தொடங்கவேயில்லை. 'எல்' மட்டும் வந்து பிழை எண் தொடர்ந்தால் இரண்டாம் படியை ஏற்ற முடியவில்லை. 'எல்', 'ஐ' என இரண்டோடு நின்றால் இரண்டாம் படி ஏற்றப்பட்டது, ஆனால் இயங்கவில்லை. பெரும்பாலும் முகவரிக் கணக்குப் பொருந்தாமையே அதன் காரணம். பிழைச் செய்திக்கென்று தனி இடமில்லாத நெருக்கடியில், பெயரையே நோய்க்குறியாக்கிய அந்தச் சிக்கனம் இன்றும் என்னை வியக்கவைக்கிறது.

2001இல் ஓர் அலுவலகம் கழித்த பழைய கணினிகள் எங்கள் பள்ளிக்கு வந்தன. வன்தட்டுகளை இடம் மாற்றிப் பொருத்தியிருந்தனர். பார்க்க வந்தவர், தட்டுகள் செத்துவிட்டன, தூக்கி எறியுங்கள் என்றார். புதியன வாங்கப் பள்ளியிடம் பணமில்லை. அவை போனால் மாணவருக்குக் கணினியே இல்லை. திரையிலோ அந்த இரண்டு எழுத்துகள்! செத்த தட்டிலிருந்து முதல் செக்டரை எவ்வாறு படித்திருக்க முடியும்? பயோஸ் அமைப்பில் 'நார்மல்' என்றிருந்ததை 'எல்பிஏ' என மாற்றி, தட்டின் தொடக்கத்திலேயே, 1024ஆம் சிலிண்டருக்குள், கருநிரலுக்கென ஒரு சிறு பாகம் பிரித்து மீண்டும் நிறுவினோம். பெரும்பாலானவை எழுந்தன. இந்தப் பாகப்பிரிவினையில் வழக்கு ஏதும் எழவில்லை.

2000இல் லிலோவுக்கு 'எல்பிஏ32' என்னும் தெரிவு சேர்ந்தபின், அதை ஏற்கும் புதிய பயோஸ் உள்ள கணினிகளில் 1024 எல்லை மறைந்தது.

எனினும் வகை மாறாத தொல்லை விண்டோசிலும் வந்தது. 2001இல் வெளிவந்த எக்ஸ்பியின் குறுந்தட்டுக்குப் பின்னால் வந்த சாட்டா வன்தட்டுகளின் ஏஎச்சிஐ முறை தெரியாது. நிறுவும்போது எஃப்6 விசையை அழுத்தி இயக்கியை நெகிழ்வட்டிலிருந்து தரவேண்டும். புதிய கணினிகளிலோ நெகிழ்வட்டுக்கு வாயிலே இல்லை! தராவிடில் நீலத்திரையில் 7பி எனும் பிழை எண். பயோசில் சாட்டாவை ஐடிஇ முறைக்கு மாற்றித்தான் பலர் தப்பினர். 2007இல் வந்த விஸ்டா, இயக்கியை யுஎஸ்பி வழியாகவும் ஏற்றுக்கொண்டது.

லிலோவின் மேம்பாடு 2015 டிசம்பரில் நிறுத்தப்பட்டது.