அழகா, வைத்தியமா? ஸ்டான்லியில் கிளம்பிய ஒரு கேள்வி

தென்காசிப் பக்கத்தில் குடும்பத்தோடு குற்றாலத்துக்குக் கிளம்பினால், "நீங்க போய்க் குளிங்க, நான் பையப் பாத்துக்கிடுதேன்" என்று ஓரமாக உட்கார்ந்துவிடும் ஒரு அக்காவோ சித்தியோ எப்போதும் உண்டு. தலைவலி, சளி என்று காரணம் வரும். சிலருக்கு உண்மையான காரணம் வேறு. மெயின் அருவியில் பெண்களுக்குத் தனிப் பக்கம் இருந்தாலும், நனைந்த துணி உடம்போடு ஒட்டத்தான் செய்யும். ஒரு மார்பு பெரிதாகவும் மற்றது சிறுத்தும் இருக்கிற பெண்ணுக்கு அந்தக் கவலை ஒன்றே போதும், சீசன் முழுவதும் கரையிலேயே கழிந்துவிடும்.

இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே அளவில் இருப்பது அபூர்வம். லேசான வித்தியாசம் இயற்கை, அதற்கு வைத்தியம் தேவையில்லை. ஆனால் சிலருக்கு ஒரு பக்கம் வளராமலே நின்றுவிடுகிறது. 1841ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் படித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் போலண்ட் என்ற மாணவர், பிணப் பரிசோதனையில் ஒரு உடலில் ஒரு பக்கத்து மார்புத் தசை இல்லாததைக் கவனித்து எழுதி வைத்தார். பிற்பாடு அவர் பெயராலேயே அது 'போலண்ட் சிண்ட்ரோம்' ஆனது. இந்தக் குறை உள்ள பெண்களுக்கு அந்தப் பக்கத்து மார்பும் சரியாக வளராமல் போவதுண்டு.

சரி, ஸ்டான்லிக்கு வருவோம். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அளவைத் திருத்தும் அறுவை சிகிச்சையை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் பிரிவைத் தமிழக அரசு தொடங்கியது. இந்தியாவில் ஒரு மாநில அரசு இப்படிச் செய்வது புதிது என்பதால் வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை செய்தி போனது. அழகு சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது, இங்கே செய்யாவிட்டால் கடன் வாங்கியோ ஆபத்தான வழிகளிலோ போவார்களே என்று கேட்டார் அப்போதைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர். உயிர் காக்கும் வேலையை விட்டுவிட்டு அழகுக்கு ஏன் அரசுப் பணம் என்று எதிர்க்குரலும் உடனே வந்தது. பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு மருத்துவர்கள் சொன்ன காரணங்களோ வேறு. பெரிய மார்பின் பாரத்தால் வரும் தோள்வலி, முதுகுவலி, இரண்டு பக்கமும் ஒரே அளவில் வேண்டும் என்று வருபவர்கள், வெளியே போகவே கூச்சப்படும் பெண்கள். அமைச்சரே 'அழகு' என்று சொல்லிவிட்டதால் இதெல்லாம் யார் காதிலும் விழவில்லை!

உண்மையில் இந்த சிகிச்சையின் வரலாறே சமப்படுத்துவதில்தான் ஆரம்பிக்கிறது. 1895ல் ஜெர்மனியின் ஹைடெல்பர்க்கில் வின்சென்ஸ் செர்னி என்ற சர்ஜனிடம் ஒரு பாடகி வந்தார். மார்பிலிருந்த கட்டியை எடுத்தாக வேண்டும். எடுத்தால் ஒரு பக்கம் குழி விழும், மேடை ஏறுகிறவர் என்ன செய்வார்? அதே பெண்ணின் முதுகுப் பக்கத்தில் ஒரு கொழுப்புக் கட்டி இருந்தது. செர்னி அதை எடுத்து மார்பில் வைத்துத் தைத்துவிட்டார். மார்பைப் பெரிதாக்கும் சிகிச்சைகளின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பெண் பெரிதாக்கக் கேட்டு வரவில்லை என்பது பலருக்கு மறந்துபோனது.

அடுத்து வந்தது பாரஃபின் ஊசி. மெழுகை உடம்பில் ஏற்றினால் என்ன ஆகும்? கட்டி கட்டி, புண்ணானது. 1962ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் குரோனின், ஜெரோ என்ற இரு மருத்துவர்கள் முதல் சிலிகான் பையை ஒரு பெண்ணுக்கு வைத்தார்கள். அதற்கு முன்பு எஸ்மரெல்டா என்ற நாய்க்கு வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணும் டாட்டூவை அழிக்கத்தான் மருத்துவமனைக்கு வந்தவர் என்பது தனிக் கதை.

பிறகு வியாபாரம் சூடு பிடித்தது, வழக்குகளும் வந்தன. 1992ல் அமெரிக்க அரசு சிலிகான் ஜெல் பைகளுக்குக் கடிவாளம் போட்டது. 1995ல் டவ் கார்னிங் நிறுவனம் வழக்குச் சுமை தாங்காமல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. (பி.காம். மாணவர்களுக்கு நல்ல பாடம்: லாபக் கணக்கில் வராத பொறுப்புகள் எங்கே ஒளிந்திருக்கும் என்பதற்கு.) இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அழகுக்காகப் பெரிதாக்க 2006 வரை அந்தப் பைகள் கிடைக்கவில்லை. ஆனால் புற்றுநோயால் மார்பு இழந்தவர்களுக்கும் பிறவிக் குறையைச் சரிசெய்ய வந்தவர்களுக்கும் கட்டுப்பாடுகளோடு வழி விடப்பட்டது. அழகுக்கும் வைத்தியத்துக்கும் நடுவே அமெரிக்கா கிழித்த கோடு அது. சென்னையில் அப்படி ஒரு கோடு கிழித்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

இலவசம் என்றதும் ஒரு முறை வைத்தால் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. இந்தப் பை ஆயுளுக்கும் உழைக்காது. கிழியலாம், சுற்றிலும் தழும்பு இறுகலாம், பிறகு மாற்ற வேண்டி வரும். உடம்பு பெருத்தாலோ இளைத்தாலோ இயற்கையான பக்கம் மாறும், பை வைத்த பக்கம் அந்த அளவுக்கு மாறாது. எனவே பழைய ஏற்றத்தாழ்வு திரும்ப எட்டிப்பார்க்கும். 2010ல் பிரான்சில் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத்துக்கு அனுமதிக்காத மலிவு சிலிகானை அடைத்து விற்றது அம்பலமானது. 2019ல் அபூர்வமான ஒரு புற்றுநோயோடு தொடர்பு தெரிந்ததால் அலெர்கன் தன் சொரசொரப்பான பைகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. வளர்ச்சி முழுசாக நிற்கும் வரை அவசரப்பட வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதும் காரணத்தோடுதான். பலருக்கு உள்ளாடையில் ஒரு பக்கம் பேட் வைத்துக்கொள்வதே போதுமானதாக இருக்கும்.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டபோது அந்தப் பட்டியலில் தென்காசி இல்லை. பக்கத்துச் சிகிச்சை என்றால் திருநெல்வேலி. ஸ்டான்லி என்றால் பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பயணம், ஆபரேஷனுக்கு ஒரு முறை, தையல் பார்க்க ஒரு முறை, பிறகும் சில முறை. டிக்கெட் காசைக் கூடப் புரட்டிவிடலாம். எதற்கு சென்னைக்குப் போகிறாய் என்று வீட்டில் கேட்பார்களே, அதற்கு என்ன பதில் சொல்வது? தலைவலி, சளி என்ற பதில் குற்றாலம் வரைதான் செல்லும்.