திறப்பு யாருடைய கையில்?

2008ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் லீமன் பிரதர்ஸ் என்னும் அமெரிக்க முதலீட்டு வங்கி முறிந்தது. அதனைத் தொடர்ந்து ஏனைய பெருவங்கிகளைக் காப்பாற்றும் பொருட்டு மேற்கு நாடுகளின் அரசாங்கங்கள் பொதுப் பணத்தை வாரியிறைத்தன. இலாபம் வந்த காலத்தில் அது தனியாரின் உடைமையாக இருந்தது. நட்டம் வந்ததும் அது மக்கள் அனைவரதும் சுமையாயிற்று. இச்சூழ்நிலையிலேதான், ஆறு வாரங்கள் கழித்து, ஒக்டோபர் 31ஆம் நாள், சட்டோசி நகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒன்பது பக்கக் கட்டுரையொன்று வெளிவந்தது. வங்கி என்னும் இடையாள் இன்றியே ஒருவர் மற்றொருவருக்குப் பணம் அனுப்ப வழியுண்டு என்பதே அதன் சாரம். 2009 ஜனவரி 3ஆம் நாள் தொடங்கப்பெற்ற பிட்கொயின் கணக்கேட்டின் முதற் பக்கத்தில், வங்கிகளுக்கு இரண்டாவது தடவையாக அரச உதவி வழங்குவது பற்றிய அன்றைய இலண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையின் தலைப்புப் பொறிக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கோபத்திலிருந்து இந்நாணயம் பிறந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்நாணயத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் விலையையே எழுதுகின்றனர். விலையேற்றத்தின் கதை சூதாடிகளின் கதை. அது நமக்கு வேண்டாம். ஒரு பொறியின் உண்மையான இயல்பை அறிய வேண்டுமாயின் அது பழுதுபட்ட நாட்களை நோக்குதல் வேண்டும். பழுது எவ்வாறு நேர்ந்தது? அதனைத் திருத்தியவர் யார்? நட்டத்தைச் சுமந்தவர் யார்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடுமிடத்து, மனிதரை நம்பாமலே இயங்கும் பணம் என்று பறைசாற்றப்பட்ட ஒன்றின் சமூக உள்ளடக்கம் வெளிப்படும்.

முதலில் இரு சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒன்று பணப்பை, மற்றொன்று கணு. பணப்பை என்னும் பெயர் மயக்கந் தருவது. அதனுள்ளே பணம் எதுவும் இல்லை. அது ஒரு திறப்புக் கோவை. ஒவ்வொரு திறப்பும் ஒரு பேரெண். அவ்வெண்ணை அறிந்தவர் கணக்கேட்டில் அதற்குரிய தொகையைச் செலவிடலாம். அறியாதவர் எத்தகைய உரிமைப் பத்திரம் வைத்திருப்பினும் செலவிட முடியாது. கணு என்பது அந்தக் கணக்கேட்டின் முழுப் பிரதியைத் தன்னிடத்தே வைத்து, புதிதாக எழுதப்படும் ஒவ்வொரு பக்கத்தையும் விதிகளின்படி சரிபார்க்கும் கணினி. ஆக, திறப்பு உடைமைக்குக் காவல். கணு உண்மைக்குக் காவல். இவ்விரண்டும் சாதாரண மனிதனின் கையில் இருக்கும் என்பதே 2009ஆம் ஆண்டின் வாக்குறுதி.

திறப்பின் வரலாற்றை முதலில் நோக்குவோம். தொடக்க காலத்துப் பணப்பை, கணினியில் பூட்டற்றுக் கிடந்த ஒரு சாதாரணக் கோப்பு. அக்கோப்பைத் திருடியவன் செல்வம் முழுவதையும் திருடியவனானான். கடவுச்சொல்லால் அதனைப் பூட்டும் வசதி 2011 செப்டெம்பரிலேதான் வந்தது. பிரதி எடுத்து வைத்தோரும் தப்பவில்லை. பணம் செலவிடும்போது எஞ்சிய மிகுதி புதியதொரு திறப்புக்கு மாறிச் செல்லும் வகையில் அம்மென்பொருள் அமைந்திருந்தது. அது நூறு திறப்புகளையே முன்கூட்டி ஆக்கி வைத்திருக்கும். பழைய பிரதியை மட்டும் பத்திரப்படுத்தியவர், அந்நூறும் தீர்ந்தபின் கணினி பழுதாகியபோது, தம் பணத்தின் திறப்பு அப்பிரதியில் இல்லை என்பதைக் கண்டார். ஒரே வித்திலிருந்து எல்லாத் திறப்புகளையும் பிறப்பிக்கும் முறை 2012இல் வகுக்கப்பட்டது. அவ்வித்தை 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு சொற்களாக எழுதி வைக்கும் முறை 2013இல் உருவாகியது. திறப்பை இணையத்தோடு இணையாத சிறு கருவியொன்றில் அடைத்து வைக்கும் பொறி 2014இல் பிராக் நகரிலிருந்து விற்பனைக்கு வந்தது.

இவை யாவும் அறிவின் வெற்றிகளே. ஆயினும் இவ்வெற்றிகள் ஒவ்வொன்றும் முன்னர் நேர்ந்த இழப்பின் மீதே எழுந்தன. 2013இல் வேல்ஸ் நாட்டு நியூபோர்ட் நகரவாசி ஒருவரின் பழைய வன்தட்டு குப்பையோடு குப்பையாய்ப் போயிற்று. பல்லாயிரம் பிட்கொயினின் திறப்பு அதனுள் இருந்தது. குப்பைமேட்டைத் தோண்ட உரிமை கேட்டு அவர் தொடுத்த வழக்கை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வங்கியில் வைப்பிட்டவர் புத்தகத்தைத் தொலைத்தால் உத்தியோகத்தரிடம் போய் முறையிடலாம். இங்கே முறையிட ஆளில்லை. ஆளில்லாமையே இந்நாணயத்தின் பெருமையென்று சொல்லப்பட்டது. அப்பெருமையின் விலையும் அதுவே.

இனிக் கணுவின் வரலாறு. 2010 ஓகஸ்ட் 15ஆம் நாள் கணக்கேட்டின் 74,638ஆம் பக்கத்தில் ஒரு விந்தை தோன்றியது. மொத்தம் இரண்டு கோடியே பத்து இலட்சம் நாணயங்களுக்கு மேல் ஒருபோதும் உருவாக முடியாது என்று விதித்திருந்த ஏட்டில், ஒரே கொடுக்கல் வாங்கலில் ஏறத்தாழ 18,446 கோடி நாணயங்கள் தோன்றிவிட்டன. மென்பொருள் தாங்கக்கூடிய எல்லையைக் கூட்டுத்தொகை மீறியபோது அது மறை எண்ணாகத் திரிந்தது. சரிபார்க்கும் விதியும் ஏமாந்தது. சில மணி நேரத்துள் குறை கண்டுபிடிக்கப்பட்டு, திருத்திய மென்பொருள் வெளியிடப்பட்டது. கணுக்களை நடத்தியோர் அதனை ஏற்று, பிழையான பக்கத்தைப் புறக்கணித்து, ஏட்டை அவ்விடத்திலிருந்து மீண்டும் எழுதினர். மாற்றவொண்ணாதது எனப்பட்ட ஏடு மனிதரின் உடன்பாட்டினால் மாற்றப்பட்டது. அவ்வாறு மாற்றியதனாலேயே பிழைத்தது.

2013 மார்ச் 11ஆம் நாள் இரவு நேர்ந்த பிளவு இன்னும் கூர்மையான பாடத்தைத் தருகின்றது. மென்பொருளின் புதிய பதிப்பு வேறொரு தரவுக் களஞ்சியத்தைக் கையாண்டது. பழைய பதிப்பின் களஞ்சியத்துக்கோ எவரும் நன்கறியாத ஓர் எல்லை இருந்தது. பெரியதொரு பக்கம் வந்தபோது புதிய கணுக்கள் அதனை ஏற்றன. பழைய கணுக்கள் நிராகரித்தன. ஏடு இரு கிளைகளாய்ப் பிரிந்தது. அதிக உழைப்பைத் தாங்கிய நீண்ட கிளையே மெய்யானது என்பது மூலவிதி. புதிய கிளையே நீண்டிருந்தது. ஆயினும் மென்பொருளை ஆக்கியோரும் பெரிய அகழ்வுக் குழுக்களை நடத்தியோரும் அன்றிரவு கூடிக் கலந்து, நீண்ட கிளையைக் கைவிடத் தீர்மானித்தனர். ஏனெனில் பழைய கணுக்களை வைத்திருந்த எண்ணற்றோரை அது கைவிட்டுவிடும். பி.ரி.சி. கில்ட் என்னும் குழு தனக்குச் சேரவேண்டிய ஊதியத்தை இழந்து பழைய பதிப்புக்குத் திரும்பியது. இருபத்துநான்கு பக்கங்கள் கைவிடப்பட்டன. சில மணி நேரத்தில் ஏடு மீண்டும் ஒன்றாயிற்று.

இந்நிகழ்ச்சியில் பாராட்டத்தக்கதும் அஞ்சத்தக்கதும் ஒருங்கே உள்ளன. பொதுநன்மைக்காகச் சிலர் தம் ஊதியத்தை விட்டுக்கொடுத்தமை பாராட்டத்தக்கது. அத்தீர்மானத்தைச் செய்ய ஒரு சிலர் போதுமாயிருந்தமை அஞ்சத்தக்கது. 2009இல் வீட்டுக் கணினி வைத்திருந்த எவரும் ஏட்டைச் சரிபார்க்கவும் அதற்குப் புதுப்பக்கம் எழுதி நாணயம் ஈட்டவும் முடிந்தது. 2010இன் இறுதியில் அகழ்வுக் குழுக்கள் தோன்றின. 2013 தொடக்கம் இத்தொழிலுக்கென்றே செய்த விசேட இயந்திரங்கள் சந்தைக்கு வந்தன. மூலதனமும் மலிந்த மின்சாரமும் உடையோர் கையில் உற்பத்திக் கருவிகள் குவிந்தன. கைத்தறியாளனை ஆலை வென்ற வரலாற்றை அறிந்தோருக்கு இது புதுமையன்று. ஏட்டைச் சரிபார்க்கும் வேலை மட்டுமே சாதாரண மனிதனுக்கு எஞ்சியது. அதற்கும், 2025இல் அறுநூறு கிகாபைட்டைத் தாண்டிவிட்ட ஏட்டைத் தாங்கும் வன்தட்டும் இடையறாத இணைய இணைப்பும் வேண்டும்.

திறப்பைக் காப்பது கடினமாகவும் கணுவை நடத்துவது செலவாகவும் ஆனபோது நிகழ்ந்தது யாது? எந்த இடையாளை ஒழிக்க இந்நாணயம் பிறந்ததோ, அந்த இடையாள் வேறு வேடத்தில் திரும்பி வந்தான். நாணயப் பரிமாற்றகம் என்பது அவனது புதுப்பெயர். டோக்கியோ நகரிலிருந்து இயங்கிய மவுண்ட் கொக்ஸ், முதலில் விளையாட்டுச் சீட்டுகளைக் கைமாற்றுவதற்கென வைத்த பெயரைத் தாங்கியது. 2013ஆம் ஆண்டளவில் உலகப் பிட்கொயின் வாணிபத்தின் பெரும்பகுதி அதனூடாகவே நடந்தது. 2014 பெப்ரவரியில் அது கொடுப்பனவுகளை நிறுத்திற்று. அம்மாதம் 28ஆம் நாள் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. ஏறத்தாழ 8,50,000 நாணயங்களைக் காணவில்லை என அறிவிக்கப்பட்டது. பின்னர் ஏறத்தாழ 2,00,000 நாணயங்கள் பழைய பணப்பையொன்றில் கண்டெடுக்கப்பட்டன. திருட்டு 2011 முதலே தொடர்ந்து நடந்திருந்தமை பிற்கால ஆய்வுகளில் வெளியாயிற்று. வைப்பாளருக்கு அந்நாணயங்கள் திரும்பத் தொடங்கியது 2024 ஜூலையிலேதான். கணக்கேடு உலகறியத் திறந்து கிடந்தது. திறப்போ ஒரு கட்டடத்துள் அடைபட்டிருந்தது. திறந்த ஏட்டினால் வைப்பாளருக்குப் பயன் விளையவில்லை.

கனடாவின் குவாட்ரிகா பரிமாற்றகத்தை நடத்திய ஜெரல்ட் கொட்டன் 2018 டிசம்பரில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் காலமானார். திறப்புகள் அவர் ஒருவரிடமே இருந்தன என முதலில் சொல்லப்பட்டது. ஒன்ராறியோவின் பிணையங்கள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட அறிக்கை, வைப்பாளரின் பணம் அவர் இறக்குமுன்னரே மோசடியாலும் சூதாட்ட வாணிபத்தாலும் கரைந்துவிட்டது என்று கண்டது. 2022 நவம்பர் 11ஆம் நாள் எப்.ரி.எக்ஸ். நிறுவனம் முறிந்தது. வைப்பாளரின் கோடிக்கணக்கான டொலர்கள் உரிமையாளரின் மற்றொரு நிறுவனத்துக்குத் திருப்பப்பட்டிருந்தன. அதன் தலைவர் சாம் பாங்க்மன் பிரைட்டுக்கு 2024 மார்ச்சில் இருபத்தைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இவற்றுள் புதிய தொழில்நுட்பத்துக்குரிய குற்றம் யாது? பிறர் வைப்பைத் தன் சூதுக்கு எடுத்தாளுதல் வங்கித் தொழிலைப் போலவே பழமையானது.

விதியே மென்பொருள், மென்பொருளே விதி என்று வாதிட்டோரும் உளர். எதீரியம் என்னும் மற்றொரு நாணயத்தின் வரலாறு அவர்களுக்கு விடை கூறும். 2016 ஜூன் 17ஆம் நாள், ‘டாவோ’ என்னும் பொது முதலீட்டு நிதியின் நிரலிலிருந்த ஓட்டையைக் கொண்டு ஒருவர் ஏறத்தாழ 36 இலட்சம் ஈதரை வடித்தெடுத்தார். அப்போதிருந்த ஈதர் முழுவதிலும் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு அந்நிதியில் குவிந்திருந்தது. ஜூலை 20ஆம் நாள் விதியை மாற்றி அப்பணம் மீட்கப்பட்டது. உடன்படாதோர் பழைய ஏட்டைத் தனி நாணயமாகத் தொடர்ந்தனர். 2017 நவம்பர் 6ஆம் நாள், பாரிட்டி என்னும் பணப்பைகளுக்குப் பொதுவான நிரலொன்றை ஒருவர் அறிந்தோ அறியாமலோ அழித்தார். 587 பணப்பைகளில் 5,13,000க்கு மேற்பட்ட ஈதர் உறைந்துபோயிற்று. அதனை மீட்கும் பிரேரணை ஏற்கப்படவில்லை. முன்னதில் ஏடு திருத்தப்பட்டது, பின்னதில் திருத்தப்படவில்லை. இவ்வேறுபாட்டைச் செய்தது எந்திர விதியன்று. எவருடைய நட்டம் பலருடைய நட்டமாயிருந்தது, எவருடைய குரலுக்கு வலு இருந்தது என்பனவே தீர்மானித்தன. இதற்கு அரசியல் என்று பெயர்.

ஆயினும் இவ்வரலாறு முழுவதும் இருளன்று. 2018 செப்டெம்பரில் பிட்கொயின் மென்பொருளில் ஒரே நாணயத்தை இருமுறை செலவிட்டுப் புதுநாணயம் பிறப்பிக்க இடந்தரும் பெருங்குறையொன்று கண்டுபிடிக்கப்பட்டது. கண்டவர், 2017இல் பிட்கொயினிலிருந்து கடும்பூசலோடு பிரிந்து சென்ற போட்டி நாணயத்தின் மென்பொருளாளர். அவர் நினைத்திருந்தால் அதனைக் கொண்டு போட்டியாளரைக் குலைத்திருக்கலாம். அவரோ அதனை இருதரப்பு மென்பொருளாளருக்கும் இரகசியமாக அறிவித்தார். கேடு நிகழுமுன் குறை நீக்கப்பட்டது. கூலி பேசாது, பெயர் நாடாது, எதிர்ப்பக்கத்தாருக்கும் நன்மை செய்த இச்செயல்தான் அவ்வேட்டைக் காத்தது. சந்தையின் பேராசை அதனைக் காக்கவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து ஆசிரியரும் மாணவரும் எடுத்துக்கொள்ளத்தக்க நடைமுறைப் பாடங்களும் உள. பிழைப்புக்கு வேண்டிய பணத்தை இச்சூதில் இடாதிருத்தலே முதற்பாடம். எக்காரணத்தாலோ இந்நாணயத்தை வைத்திருக்க நேர்ந்தோர், பன்னிரண்டு சொற்களைத் தாளில் எழுதி இரு வேறிடங்களில் பத்திரப்படுத்தல் வேண்டும். படம் பிடித்து வைத்தல் ஆகாது. எழுதிய சொற்கள் பணப்பையை மீண்டும் திறக்கின்றனவா என்பதைச் சிறு தொகையோடு முன்னரே சோதித்தறிதல் வேண்டும். பணப்பையில் மிகுதி சூனியமாகத் தோன்றுமாயின் பதறுதல் கூடாது. பெரும்பாலும் கணு ஏட்டின் கடைசிப் பக்கம் வரை இன்னும் படித்து முடிக்கவில்லை என்பதே காரணம். பதறியோர் கோப்பை அழித்து மென்பொருளை மீள நிறுவித் திறப்பை இழந்திருக்கின்றனர். உதவ வந்தவன் போல் நடித்தவனுக்குச் சொற்களை ஒப்புவித்தும் இழந்திருக்கின்றனர். திருத்த வருபவர் எவருக்கும் அச்சொற்கள் தேவைப்படா, கேட்பவன் திருடன்.

இவ்வெச்சரிக்கைகள் தேவையானவை, போதுமானவை அல்ல. 2025 பெப்ரவரி 21ஆம் நாள் பைபிட் என்னும் பெரும் பரிமாற்றகத்திலிருந்து ஏறத்தாழ 150 கோடி டொலர் பெறுமதியான ஈதர் களவாடப்பட்டது. அங்கே ஒருவரல்லர், பலர் கையெழுத்திட்டே பணம் வெளியேறும். அவர்கள் கண்ட திரை பொய் காட்டியது. உண்மையென நம்பிக் கையெழுத்திட்டனர். நிபுணரைக் கூலிக்கமர்த்திய நிறுவனத்தின் நிலை இதுவாயின், பகல் முழுதும் உழைத்துவிட்டு இரவில் கைத்தொலைபேசியைத் திறந்து பார்க்கும் தொழிலாளியின் நிலை யாது? ஒவ்வொருவனும் தனக்குத் தானே வங்கியாகலாம் என்று சொல்வது, ஒவ்வொருவனும் தனக்குத் தானே வைத்தியனாகலாம் என்று சொல்வதை ஒத்ததே. நேரமும் அறிவும் கருவியும் உள்ளவன் அவ்வாறாகலாம். மற்றவன் இடையாளிடமே திரும்பிச் செல்வான்.

வங்கிகளின் மீது 2008இல் எழுந்த கோபம் நியாயமானது. ஆனால் வஞ்சித்த நிறுவனத்துக்கு மாற்று, நிறுவனமே அற்ற தனிமை என்று கருதியதே தவறு. மனிதர் ஒருவரையொருவர் நம்பாமல் எந்த ஏடும் நிலைக்கவில்லை. 2010இலும் 2013இலும் 2018இலும் அதனைக் காத்தது மனிதர் தம்முள் கொண்ட நம்பிக்கையே. அந்நம்பிக்கை மக்களுக்குக் கணக்குச் சொல்லும் கடப்பாட்டோடு அமைந்ததா, அன்றி மூடிய அறையில் சிலரது நல்லெண்ணத்தில் தங்கியிருந்ததா என்பதே வினா. திறப்பு ஒரு தனிமனிதனின் சட்டைப்பையில் இருந்தால் தொலைந்து போகின்றது. முதலாளியின் பெட்டகத்தில் இருந்தால் களவு போகின்றது. பலர் கூடி வைத்திருந்து, பலருக்குக் கணக்குக் காட்டும் இடமொன்றை அமைப்பது பொறியியலாளர் மட்டும் செய்யக்கூடிய வேலையன்று. அது நம் எல்லோருடையதும் ஆகும்.