ஒரு வினை, மூன்று வேர்கள்: பிரெஞ்சு ‘அலே’யின் கதை

பிரெஞ்சு கத்துக்க ஆரம்பிக்கிற எல்லாரும் முதல் மாதத்திலேயே முட்டிக்கொள்ளும் சொல் ஒன்று உண்டு: ‘அலே’. போவது என்று பொருள். தமிழில் போகிறேன், போனேன், போவேன் என்று எந்தக் காலத்தில் சொன்னாலும் ‘போ’ கூடவே வரும். பிரெஞ்சில் அப்படி இல்லை. நான் போகிறேன் என்பதற்கு ‘ஜெ வே’. நாம் போகிறோம் என்பதற்கு ‘நூ ஸலோன்’. நான் போவேன் என்பதற்கு ‘ஜிரே’. மூன்றும் ஒரே வினைச்சொல் என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

‘அது விதிவிலக்கு, மனப்பாடம் பண்ணிக்கோ’ என்பதுதான் வகுப்பில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. காரணம், இந்த வினை தாறுமாறாக இருப்பதற்குப் பின்னால் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

லத்தீனிலிருந்து தொடங்கலாம். ரோமர்களுக்குப் போவதற்கான பொதுச்சொல் ‘ஈரே’. ஆனால் அதன் வடிவங்கள் ரொம்பச் சின்னவை. ‘நீ போகிறாய்’ என்பதற்கு வெறும் ‘ஈஸ்’, ‘போ’ என்று ஏவுவதற்கு வெறும் ‘ஈ’. சந்தை இரைச்சலில் இது யார் காதில் விழும்? பேச்சு வழக்கில் மக்கள் கொஞ்சம் கனமான சொற்களைத் தேடினார்கள். வேகமாக நடப்பதைக் குறித்த ‘வாதெரே’ அந்த இடத்துக்கு வந்தது. ‘குவோ வாதிஸ்’ என்ற நாவல் தலைப்பில் இருப்பது இதே சொல்தான். ‘நீ எங்கே போகிறாய்?’ என்று அதற்குப் பொருள்.

மூன்றாவது ‘அலே’. இது எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. பலர் ஏற்பது, உலாவுவதைக் குறிக்கும் ‘அம்புலாரே’ தேய்ந்து இப்படி ஆனது என்பதை. நம்ம ஊர் ஆம்புலன்ஸும் அந்த வேரில் பிறந்ததுதான். போர்க்களத்தில் படையோடு நகர்ந்த மருத்துவமனைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் அது.

8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரைஹெனாவ் சொற்பட்டியலில் ‘அலாரே’ என்ற வடிவம் வருகிறது. லத்தீன் பைபிளின் கடினச் சொற்களுக்கு எளிய சொல்லில் பொருள் சொல்லும் பட்டியல் அது. பழைய லத்தீன் மக்களுக்குப் புரியாமல் போய்க்கொண்டிருந்த காலம். 813இல் தூர் நகரில் கூடிய திருச்சபை மன்றம், பிரசங்கத்தை மக்கள் பேசும் மொழியில் செய்யுங்கள் என்று ஆயர்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

மூன்று சொற்களும் இடத்தை எப்படிப் பங்கிட்டுக்கொண்டன? நான், நீ, அவன், அவர்கள்: நிகழ்காலத்தில் இந்த நான்கும் வாதெரே வழி வந்தவை. ஜெ வே, து வா, இல் வா, இல் வோன். நாம், நீங்கள் இரண்டுக்கும் அலே: நூ ஸலோன், வூ ஸலே. பழைய உச்சரிப்பில் முதல் நான்கில் அழுத்தம் வினையடியில் விழும், மற்ற இரண்டில் விகுதியில் விழும். பங்கீடு அந்தக் கோட்டிலேயே நடந்திருக்கிறது. இத்தாலியிலும் இதே கதை: நான் போகிறேன் ‘வாதோ’, நாம் போகிறோம் ‘அந்தியாமோ’.

எதிர்காலத்தில் மட்டும் கிழட்டு ஈரே பிழைத்துக்கொண்டது. ‘போக வேண்டியிருக்கிறது’ என்ற பொருளில் ஈரேயோடு ‘ஹபெயோ’ என்ற துணைவினையைச் சேர்த்துப் பேசினார்கள். இரண்டும் ஒட்டி ‘இரே’ ஆனது. இப்படி உருவான எதிர்கால வடிவங்களை, பிரெஞ்சின் மிகப் பழைய ஆவணமான 842ஆம் ஆண்டின் ஸ்ட்ராஸ்பூர்க் சபதத்திலேயே பார்க்கலாம்.

இன்றைய பேச்சில் அந்த இரேக்கும் ஒரு போட்டி வந்துவிட்டது. ‘ஜெ வே மான்ஜே’ என்றால் ‘சாப்பிடப் போறேன்’. தமிழ் மாதிரியே போவதை வைத்து எதிர்காலம்! பக்கத்திலுள்ள கட்டலான் மொழியிலோ இதே அமைப்பு ‘சாப்பிட்டேன்’ என்று இறந்தகாலத்தைக் காட்டும்.

சரி, ‘ஜெ வே’ என்பதே சரியான வடிவம் என்று யார் முடிவு செய்தார்கள்? வோழ்லா என்ற இலக்கணக்காரர் 1647இல் எழுதியதைப் படித்தால் சிரிப்பு வரும். படித்தவர்கள் ‘ஜெ வே’ என்கிறார்களாம். அரசவை முழுக்க ‘ஜெ வா’ என்கிறதாம். அவர்கள் காதுக்கு ‘ஜெ வே’ நாட்டுப்புறப் பேச்சு, பாரிஸ் பாமரர் பேச்சு. இன்றைக்கு அப்படியே தலைகீழ். பரீட்சையில் ‘ஜெ வா’ என்று எழுதினால் மதிப்பெண் போச்சு.

1702இல் காலமான பூஊர் என்ற இலக்கண அறிஞரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மரணப் படுக்கையில், ‘நான் சாகப் போகிறேன்’ என்பதை இரண்டு வடிவத்திலும் சொல்லி, ‘இரண்டுமே வழக்கில் உண்டு’ என்று முடித்தாராம். நிஜமோ புனைவோ, அவருக்கே அந்தச் சந்தேகம் இருந்தது என்றால், அட்டவணையைப் பார்த்துத் தடுமாறுகிற மாணவர்களை நாம் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்த பகுதியில் ‘இருப்பது’ என்ற வினையைப் பார்ப்போம். அதன் குடும்பத் தகராறு இதைவிடப் பெரியது.